பட்டாளத்தார் வீடு

(காரைக்குடியில் மாணவத் தோழர்கள் நடத்தும் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஆய்வேட்டுக்குள் கொண்டுபோக முடியாத ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், ஒப்புக்கொண்டீர்கள். எங்கள் குடும்பத்திலிருந்து முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரைப் பற்றிய பேச்சு இது.

எங்கள் ஊர் திருக்கோஷ்டியூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலனியில் எங்கள் வீட்டுக்குப் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர். தபால்காரர் முதல் பால் ஊற்றுகிறவர் வரை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் யாரும் பட்டாளத்தில் இருந்ததில்லை. அப்பா கொத்தனார். தாத்தா கடைசி வரை கூலி வேலை பார்த்தவர். பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது என்று பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பத்தாவிடம் கேட்டேன்.

"உங்க தாத்தாவுக்குப் பெரியப்பா ஒருத்தரு வெள்ளக்காரன் பட்டாளத்துக்குப் போனாராம் ஆத்தா. பஸ்ராவுல செத்துப் போனாராம். அவரப் பாத்தவுக யாரும் இப்ப இல்ல" என்றார்.

அவர் பேர் என்ன அப்பத்தா என்று கேட்டேன். "பட்டாளத்தாருன்னுதான் சொல்லுவாக" என்றார்.

அப்போது அந்தப் பதில் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பஸ்ரா எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து, ஆய்வுக்காகக் காலனிய காலத்துக் கூலி உழைப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பதில் என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. நூறு வருடமாக ஒரு வீட்டை அவரைச் சொல்லியே அடையாளம் காட்டுகிறார்கள். அவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் அந்தப் போரைப் பற்றிச் சில தகவல்கள். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 13 லட்சம் பேர் கடல் கடந்து போனார்கள். 74,000 பேர் வரை இறந்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் 90,000க்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் துப்பாக்கி தூக்காதவர்கள். சுமை தூக்கியவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், மலம் அள்ளியவர்கள். ராதிகா சிங்கா என்ற வரலாற்றாசிரியர் இவர்களைப் பற்றி 2020இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். படைசாராத பணியாளர்களுக்குள்ளேயே மேல், கீழ் என்று பிரித்து, துப்புரவு செய்தவரையும் செருப்புத் தைத்தவரையும் துணி வெளுத்தவரையும் கடைசி அடுக்கில் வைத்தது அந்த ராணுவம். ஊரில் இருந்த சாதி கப்பலேறிப் போய் அங்கே சம்பளப் பட்டியலாக மாறியது.

நம் ஊர்களில் அந்தப் போரிலிருந்து மிஞ்சிய சொல் ஒன்றுதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன். இன்றைக்கும் கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்கிறோம். குண்டு போட்ட கப்பலின் பெயரைத் தமிழ் மறக்கவில்லை. கப்பலேறிப் போய்ச் செத்த நம் ஆட்களின் பெயர்தான் போய்விட்டது.

பெயரைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று சொல்கிறேன். இதில் உங்களில் சிலரும் இறங்க வேண்டும் என்பதற்காகவே விரிவாகச் சொல்கிறேன்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தேடலாம். தமிழ்ச் சிப்பாய் என்றால் பெரும்பாலும் ஒற்றைப் பெயர் இருக்கும். அதையும் ஓர் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சில பதிவுகளில் இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் நமக்குப் பிடி.

அந்தப் பிடியிலும் ஆயிரம் சிக்கல். திருக்கோஷ்டியூர் இன்று சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டமே 1985இல் வந்தது. அதற்கு முன் ராமநாதபுரம். ராமநாதபுரம் மாவட்டமும் 1910இல்தான் உருவானது. அதற்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவர் என்றால் ஜில்லா 'மதுரை' என்று இருக்கும். திருப்பத்தூர் என்று தேடினால் வடக்கே இன்னொரு திருப்பத்தூர் வந்து நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். 'கோஷ்டியூர்' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று வீட்டுக்குப் போய் எழுதிப் பாருங்கள். இரண்டு வருடம் இப்படித் தேடினேன். என் நோட்டில் சில பெயர்கள் இருக்கின்றன. எதையும் எங்கள் பட்டாளத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் சொல்லவும் மாட்டேன்.

பஞ்சாபில் ஊர்வாரியாகப் போர்வீரர் பதிவேடுகள் எழுதப்பட்டன. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த அவற்றை அண்மையில் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். ஏறத்தாழ 3,20,000 பேருடைய விவரங்கள். பிரிட்டனில் வாழும் பஞ்சாபிக் குடும்பங்கள் தங்கள் பாட்டனின் ஊரைத் தட்டச்சு செய்து பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள். நமக்கு இருப்பது கல்வெட்டுகள். தமிழ்நாட்டின் பல ஊர்களில், சாவடியிலோ பழைய கட்டடச் சுவரிலோ பதித்த சிறிய கல்லைப் பார்க்கலாம். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இருக்காது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் ஒரு நடுகல்லைக் கண்டெடுத்தார்கள். ஆகோள் பூசலில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், செத்த ஒருவனுக்கு நட்ட கல். தமிழி எழுத்து. 2,000 வருடத்துக்கு முந்தைய அந்தக் கல்லில் தீயன் அந்தவன் என்று அவன் பெயரை இன்றும் படிக்கலாம். மாட்டுச் சண்டையில் செத்தவனுக்குக்கூடப் பெயர் எழுதிக் கல் நட்ட நாட்டில், 1914இல் போனவர்களுக்கு ஓர் எண் மிஞ்சியது.

பஸ்ராவிலும் அதே கதைதான். அங்கே ஒரு பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. மெசபட்டோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆனால் சுவரில் பொறித்தது பிரிட்டிஷ்காரர்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும்தான். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். 2021 ஏப்ரலில் அந்த ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. காரணம் இன வேற்றுமை என்று சொன்னது. சரிதான். ஆனால் லண்டன் மன்னிப்புக் கேட்டதோடு கணக்கு முடிந்துவிடுமா? ஊரில் இருந்த கல்லில் பெயர் எழுதச் சொல்லி அன்று ஊர் கேட்டதா?

இங்கே அப்பத்தா சொன்ன இன்னொரு கதைக்கு வருகிறேன்.

அப்பத்தா 1950களில் எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர். அப்போது வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். பட்டாளத்தாரின் மனைவி. பதினெட்டு இருபது வயதில் விதவையானவர். ஊரில் அவரைப் 'பட்டாளத்தம்மா' என்பார்கள். அவரிடம் ஒரு வெண்கல வட்டு இருந்தது.

"உள்ளங்கைய விடப் பெருசா இருக்கும் ஆத்தா. சிங்கம் போட்டிருக்கும், பக்கத்துல ஒரு பொம்பள நிக்கும். இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கும். அத அந்தம்மா பழைய சேலையில சுத்தி கூரை எறவாணத்துல சொருகி வச்சிருந்துச்சு. வெளிய எடுக்கவே எடுக்காது. அந்தக் காலத்துல நம்ம வீட்டுல வெங்கலம் இருந்தா வந்து கேப்பாகளாம்."

அது என்ன வட்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போரில் செத்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு ஒரு வெண்கல வட்டு அனுப்பியது. 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். பிரிட்டானியா என்ற பெண்ணுருவமும் சிங்கமும் அதில் இருக்கும். இறந்தவரின் பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் இருக்கும், பதவி இருக்காது. ஜெனரலானாலும் சிப்பாயானாலும் தியாகம் ஒன்றே என்று காட்டுவதற்காகப் பதவியைச் சேர்க்கவில்லை.

அந்த வட்டு இப்போது இல்லை. அப்பாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தாத்தா அதைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். பட்டாளத்தம்மா அப்போது உயிரோடு இல்லை. எங்கள் வீட்டில் அந்த மனிதரின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே பொருள் அதுதான். எங்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. யாரையும் குறை சொல்ல முடியாது, அதனால்தான் அப்பா பிழைத்தார்.

ஆனால் "வெங்கலம் இருந்தா வந்து கேப்பாக" என்றாரே, அந்த வரி என்னை விடவில்லை. யார் வந்து கேட்பார்கள்? எதற்குக் கேட்பார்கள்?

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அம்பேத்கரும் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. முடி வெட்டிக் கிராப்பு வைக்கக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் கால்நடையும் சூறையாடப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதாரின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதிப் பெயரைச் சொல்வது அந்தச் சாதியில் பிறந்து இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்களைக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. அதே காலத்தில்தான் மதுரைப் பக்கத்தில் பிரமலைக் கள்ளர்களைக் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திக் கைரேகை வைக்கச் சொன்னது வெள்ளை அரசு. தான் ஒடுக்கப்பட்டபோதும் தனக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது சாதி. அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார்.

இப்போது அந்தத் தடைப் பட்டியலை ஒரு சிப்பாயின் உடம்போடு பொருத்திப் பாருங்கள். சட்டை, கோட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டிய பட்டி, கிராப்பு, பூட்ஸ். ஒரு பறையர் பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாளே இவை அத்தனையும் அவர் மேல் ஏறிவிடுகின்றன. கையில் மாதம் 11 ரூபாய் காசாக வருகிறது. பண்ணையில் படியளந்த தானியத்துக்கு வேலை செய்தவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! தடைகள் பட்டாளத்துக்காரர்களைக் குறிவைத்து வந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. மலேயா, பர்மா, இலங்கை போய்க் காசோடு வந்தவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள், ஆதிதிராவிடச் சங்கங்களில் சேர்ந்தவர்கள் என்று பலரும் அந்தக் காலத்தில் தலை நிமிர்ந்தார்கள். 1924இலேயே இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். தடைகள் அந்த நிமிர்வுக்கு எதிராக வந்தவை. அந்த நிமிர்வில் பட்டாளத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

பட்டாளத்தம்மா வெண்கலத்தைச் சேலையில் சுற்றி இறவாணத்தில் ஒளித்ததற்கு இந்தத் தடைதான் காரணமா? அவரும் தடை என்ற சொல்லைச் சொல்லவில்லை, அப்பத்தாவும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நான். ஆனால் பேரரசு அனுப்பிய, பதவி வேறுபாடு இல்லாத தியாகச் சின்னத்தை ஒரு பெண் தன் கூரையில் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது என்பது வரை உறுதி.

திருக்கோஷ்டியூர் என்றாலே எல்லாரும் ராமானுஜர் கதை சொல்வார்கள். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து மந்திரத்தை வாங்கி, ரகசியம் காக்கச் சொன்ன ஆணையை மீறிக் கோயில் மேலேறி ஊருக்கே உரக்கச் சொன்னார் என்ற கதை. நல்ல கதை. நானும் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. எங்கள் பட்டாளத்தார் அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே செத்துவிட்டார். பாக்தாத்துக்குப் போகிற வழியில் டைகிரிஸ் கரையில் பாலம் கட்டும் கூட்டத்தில் அவர் இருந்திருக்கலாம். தன் ஊர்க் கோயிலின் தெப்பக்குளத்தில் மாசி மாதம் ஆயிரக்கணக்கில் விளக்கு மிதக்குமே, அதன் படிக்கட்டில் அவர் ஒருநாளும் இறங்கியிருக்க முடியாது.

தோழர்கள் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரிகிறது. ஏகாதிபத்தியப் போரில் வெள்ளைக்காரனுக்காகச் செத்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? கொண்டாடச் சொல்லவில்லை. அவர் இராக்கியர்களின் மண்ணில் போய் நின்றார், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பண்ணையடிமைத்தனத்துக்கும் படைக்கும் நடுவே நின்ற ஒருவரிடம், சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லையே என்று கேட்பதற்கு முன், அவருக்கு எத்தனை பக்கம் திறந்திருந்தது என்று கேட்போம்.

இன்னொரு பக்கமும் ஒரு குழி இருக்கிறது. 'நாங்களும் வீரப் பரம்பரைதான்' என்று கிளம்புவது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட்ஸ் பிரபு போன்ற தளபதிகள் போர்க்குணம் உள்ள இனம், இல்லாத இனம் என்று பிரித்தார்கள். மதராஸ் படைப்பிரிவுகளைக் கலைத்தார்கள். 1890களில் மகார்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற மகார் சிப்பாயான கோபால் பாபா வலங்கர் 1894இலேயே இதை எதிர்த்து மனு எழுதினார். 1917இல் ஆள் தேவைப்பட்டதும் மகார்களுக்கு ஒரு படைப்பிரிவு அமைத்தார்கள். போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். நம்மவர்கள் நிறைந்திருந்த மதராஸ் பயனியர் படைகளையும் 1930களின் தொடக்கத்தில் கலைத்தார்கள். வேண்டும்போது வீரன், வேண்டாதபோது தீண்டத்தகாதவன். பிறப்பால் வீரம் வரும் என்பது பிறப்பால் தீட்டு வரும் என்பதன் மறுபக்கம். அந்தப் பட்டியலில் நமக்கும் ஓர் இடம் கேட்பது நம் வேலை இல்லை. அந்தப் பட்டியலையே கிழிப்பது நம் வேலை.

அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். நம் ராமநாதபுரம் மண்ணின் தியாகி இம்மானுவேல் சேகரனாரும் ராணுவத்தில் இருந்து திரும்பியவர். சட்டை போட்டு, செருப்புப் போட்டு, சமமாக உட்கார்ந்து பேசினார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவரைக் கொன்றார்கள். எல்லையில் பிழைத்தவர் ஊரில் பிழைக்கவில்லை. 2016இல் காஷ்மீரின் பாம்போரில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எஃப். வீரர் வீர் சிங்குக்கு, உத்தரப் பிரதேசத்தில் அவருடைய சொந்தக் கிராமத்தில் பொது நிலத்தில் இறுதிச் சடங்கு செய்ய ஆதிக்கச் சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் நட் சாதியில் பிறந்தவர். அதிகாரிகள் பேசிய பிறகே இணங்கினார்கள். தேசியக்கொடி போர்த்திய உடலுக்கும் சாதி கேட்கிற மண் இது.

கடைசியாக ஒன்று. இது என் தவற்றைப் பற்றியது.

இரண்டு வருடம் பட்டாளத்தாரின் பெயரைத் தேடி அலைந்த பிறகு, ஒருநாள் அப்பத்தாவிடம் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டாளத்தம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை. அப்பத்தா அவரோடு ஒரே அடுப்பில் சமைத்தவர். கேட்டேன். அப்பத்தா உடனே சொன்னார், யோசிக்கக்கூட இல்லை. "ஏன் ஆத்தா இத்தன நாளு கேக்கல?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பெயரை இங்கே சொல்ல வேண்டாம் என்று அப்பத்தா சொல்லிவிட்டார், அது எங்கள் வீட்டில் இருக்கட்டும். அவருக்கு மாதாமாதம் ஏதோ கொஞ்சம் பணம் வந்தது. அதை வாங்கத் திருப்பத்தூருக்கு நடந்தே போய் வருவார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பணத்தில்தான் எங்கள் தாத்தாவை மூன்றாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது என்று தடை போட்ட அதே மாவட்டத்தில். பட்டாளத்தார் வீடு என்று ஊர் சொன்னது, செத்துப்போனவரை நினைத்து மட்டும் இல்லை. அதே வீட்டில் நாற்பது வருடம் தனியாக வாழ்ந்து அந்தப் பெயரைக் காப்பாற்றியவர் இந்த அம்மா.

தோழர்களே, 2020இல் கல்வானில் உயிர் நீத்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். அவர் பெயரும் ஊரும் இன்று எல்லாருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். அதே மரியாதையை 1914இல் போனவர்களுக்கும் கேட்போம். உங்கள் ஊரில் அந்தக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு அடித்து மறைந்திருக்கும், மாடு கட்டியிருப்பார்கள். படம் எடுங்கள். ஊரில் மூத்தவர்களைக் கேளுங்கள். ஆண்களை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். கிடைக்கிற பெயர்களை ஊர்வாரியாகச் சேர்ப்போம். பிறகு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பெயர்களையும் பொறிக்கச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுப்போம். பெயரோடு அந்தக் கல்லை ஊர்ச் சாவடியில் வைக்கலாம் என்று நாம் சொல்லும்போது, காலனியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அன்றைக்கு நாம் சேர்ந்து போய் நிற்க வேண்டும்.

என் நோட்டில் பட்டாளத்தாருக்கு விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு நேரே பட்டாளத்தம்மாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜெய்பீம்.